ரோமானியச் சாலையைத் தோண்டப் போகிறீர்களா? ஓரப்பள்ளத்திலிருந்து தொடங்குங்கள்

இங்கிலாந்தில் ஒரு வயலின் நடுவே ரோமானியச் சாலையை முதன்முதலாகத் திறந்து பார்க்கிறவர்களுக்குப் பெரும்பாலும் ஏமாற்றம்தான். பொம்பேயில் பார்த்த பெரிய பாவுகற்கள் அங்கே இருக்காது. ஒரு முழம் மண்ணுக்குக் கீழே, ஏர் கீறிய தழும்புகளோடு, இறுகிப்போன சரளைப் பட்டை ஒன்று கிடக்கும். அதன் இரண்டு பக்கமும் மண்ணின் நிறம் சற்றே கறுத்து இரண்டு கோடுகள் ஓடும். மழைநீர் வடிவதற்காக வெட்டிய ஓரப்பள்ளங்கள் அவை. புதிதாக வருகிறவர்கள் சரளையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நான் அவர்களை அந்தக் கறுப்புக் கோட்டுக்குத்தான் அழைத்துப் போவேன்.

சில கோடைகளாக விடுமுறை நாட்களில் தன்னார்வலராக அகழாய்வுக்குப் போய்வருகிறேன். தொடங்கும்போது யாராவது தமிழில் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்குமே என்று நான் நினைத்தவற்றை இங்கே எழுதுகிறேன். இங்கிலாந்தில் படிக்கவோ வேலைக்கோ வந்திருக்கும் யாரும் இதில் சேரலாம். தொல்லியல் பட்டம் தேவையில்லை. முழங்காலும் பொறுமையும் வேண்டும்.

எங்கே சேர்வது

வடக்கே, ரோமானியர் கட்டிய ஹேட்ரியன் சுவருக்குச் சற்றுத் தெற்கில் இருக்கும் விண்டோலாண்டா என்னும் ரோமானியக் கோட்டையைத்தான் முதலில் சொல்வேன். அங்கே ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொண்டு தோண்டுகிறார்கள். கட்டணம் உண்டு. பதிவு திறந்ததும் இடங்கள் வேகமாக நிரம்பிவிடும், ஆகவே முந்தைய ஆண்டின் இலையுதிர் காலத்திலேயே விசாரித்து வையுங்கள். நம் தலைப்புக்கு அது பொருத்தமான இடமும்கூட. கார்பிரிட்ஜையும் கார்லைலையும் இணைத்த ஸ்டேன்கேட் என்னும் ரோமானியச் சாலை அந்தக் கோட்டையை ஒட்டித்தான் போகிறது. ரோமானியர் நட்ட மைல்கல் ஒன்று அங்கே இன்னும் நட்ட இடத்திலேயே நிற்கிறது. கோட்டைக்கு வெளியே கடைகளும் வீடுகளுமாக ஒரு குடியிருப்பும் இருந்தது.

அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் தங்கள் மாவட்டத் தொல்லியல் சங்கத்தைத் தேடுங்கள். ஏறக்குறைய எல்லா மாவட்டத்திலும் ஒன்று இருக்கும். குழந்தைகள் ஆர்வம் காட்டினால் 8 முதல் 16 வயது வரை உள்ளவர்களுக்கு இளம் தொல்லியலாளர் மன்றம் இருக்கிறது.

தோண்டுமுன் தாளிலும் திரையிலும்

சாலையைக் கண்டுபிடிக்க மண்வெட்டி கடைசியாகத்தான் தேவைப்படும். பிரிட்டனின் ரோமானியச் சாலைகளுக்கு எண் உண்டு. ஐவன் மார்கரி என்ற ஆய்வாளர் 1950களில் கொடுத்த எண்கள்தான் இன்றும் வழக்கில் இருக்கின்றன. வாட்லிங் ஸ்ட்ரீட் 1, எர்மின் ஸ்ட்ரீட் 2, ஃபாஸ் வே 5. உங்கள் ஊருக்கு அருகே போகும் சாலையின் எண் தெரிந்தால், மாவட்டத் தொல்லியல் பதிவேட்டில் அதைப் பற்றி இதுவரை தெரிந்தது அனைத்தையும் எடுத்துவிடலாம்.

அடுத்தது ஊர்ப்பெயர். ஸ்ட்ரெட்டன், ஸ்ட்ராட்ஃபோர்ட், ஸ்ட்ரீட்டம் என்ற பெயர்கள் பழைய கல்சாலையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தவை. வயலின் பெயரையும் விடாதீர்கள். நார்தாம்ப்டன்ஷயரில் சிப்பிங் வார்டன் கிராமத்துக்கு அருகே ஒரு நிலத்துக்கு 'கறுப்பு நிலம்' என்று பொருள்படும் பிளாக்கிரவுண்ட்ஸ் என்று பெயர். அதிவேக ரயில்பாதைக்காக அங்கே ஏறத்தாழ 80 தொல்லியலாளர்கள் 12 மாதங்கள் தோண்டி, 2022 ஜனவரியில் முடிவுகளைச் சொன்னார்கள். இரும்புக்காலத்து வட்டக் குடிசைகள் 30க்கும் மேல், பிறகு அதே இடத்தில் வளர்ந்த ரோமானிய வணிகக் குடியிருப்பு, 300க்கும் மேற்பட்ட காசுகள், 10 மீட்டர் அகலத்தில் ஒரு சாலை. வழக்கமான சாலைகள் அதைவிடக் குறுகலானவை. அந்த மண்ணின் கறுப்புக்குப் பெயர் வைத்தவர்கள் அங்கே உழுத விவசாயிகள். நம் ஊரில் மேடு, திடல் என்று முடியும் இடங்களைத் தொல்லியலாளர்கள் கவனித்துக் கேட்பது இதனால்தான். அரிக்கமேட்டுக்கும் கீழடியின் பள்ளிச்சந்தைத் திடலுக்கும் பெயரே பாதி வழியைக் காட்டிவிட்டது.

பிறகு திரை. இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை விமானத்திலிருந்து லேசர் கொண்டு அளந்த லைடார் தரவுகளை இலவசமாகத் தருகிறது. மரங்களையும் பயிரையும் நீக்கிய தரையின் மேடுபள்ளம் அதில் தெரியும். கண்ணுக்குத் தட்டையாகத் தோன்றும் வயலில் மெல்லிய முதுகு ஒன்று நேர்கோட்டில் ஓடினால் அது சாலைக்காக உயர்த்திய கரையாக இருக்கலாம். வறண்ட கோடையில் பயிரும் பேசும். கல்லுக்கு மேல் நிற்கும் பயிர் முதலில் காயும். பள்ளத்துக்கு மேல் நிற்பது பச்சையாகவே இருக்கும். 2018 கோடையில் இப்படி வெளிப்பட்ட இடங்கள் ஏராளம்.

கருவிகளோடு வயலில் நடக்கும் நாள் வந்தால் ஒரு குறிப்பு. மண்ணுக்கடியில் இருப்பதைக் காந்தப்புல மாறுதலால் காட்டும் காந்தமானியைச் சுமப்பவர் உடம்பில் இரும்பு இருக்கக் கூடாது. தங்கத் தாலிக்கொடியால் தொந்தரவில்லை. கொண்டை ஊசி, சேஃப்டி பின், பெல்ட் கொக்கி, இரும்பு முனை வைத்த பூட்ஸ் எல்லாம் அளவீட்டைக் கெடுக்கும். காந்தமானி பள்ளங்களையும் அடுப்புகளையும் நன்றாகக் காட்டும். சரளைச் சாலைக்கும் கற்சுவருக்கும் மண்ணின் மின்தடையை அளக்கும் கருவிதான் ஏற்றது.

கையில் எடுக்க வேண்டியவை

கரணை ஒன்று சொந்தமாக வாங்குங்கள். கொத்தனார் கரணையைவிடச் சிறியது, 4 அங்குல நீளம், அலகும் தண்டும் ஒரே இரும்பாக அடித்ததாக இருக்க வேண்டும். தனித்தனியாகச் செய்து ஒட்டியது சரளையில் ஒரு வாரம் தாங்காது. முழங்காலுக்கு மெத்தை, கையுறை, மழைச்சட்டை, வெயிலுக்குத் தொப்பி. ஜூலையிலும் நான்கையும் ஒரே நாளில் பயன்படுத்துவீர்கள். டெட்டனஸ் ஊசி போட்டிருக்கிறீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், எலிச் சிறுநீரால் வரும் காய்ச்சல் இங்கேயும் உண்டு.

குழி போடுவது

கீழடிக்குப் போனவர்கள் சதுரம் சதுரமாகக் குழிகளையும் நடுவில் விட்டுவைத்த மண்சுவர்களையும் பார்த்திருப்பீர்கள். பிரிட்டிஷ் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் 1930களில் வெருலாமியத்தில், வாட்லிங் ஸ்ட்ரீட் நுழையும் அந்த ரோமானிய நகரத்தில், தோண்டியவர். அவர் செப்பம் செய்த கட்டமுறையை இந்தியாவுக்கும் கொண்டுவந்து 1945இல் அரிக்கமேட்டில் பயன்படுத்தினார். இங்கிலாந்தில் இப்போது பெரும்பாலும் முழுப் பரப்பையும் ஒரே வெளியாகத் திறக்கிறார்கள். சாலைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு மண்சுவரை விட்டுவிட்டால், எது எதன் மேல் ஏறிக்கிடக்கிறது என்ற முக்கியமான கேள்வி அந்தச் சுவருக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

சாலையை மட்டும் பார்ப்பதாக இருந்தால் அதற்குக் குறுக்கே ஒரு நீளமான குழி போதும். ஆனால் ஓரப்பள்ளத்தைத் தாண்டியும் இரண்டு பக்கமும் சில மீட்டர் போக வேண்டும். சரளையோடு நிறுத்திவிட்ட பழைய குழிகள் நிறைய உண்டு. அவற்றால் அந்தச் சாலை எப்போது போடப்பட்டது என்று இன்றுவரை சொல்ல முடியவில்லை.

மேல்மண்ணைப் பற்கள் இல்லாத வாளி பொருத்திய இயந்திரம் அள்ளும். அது முடிந்ததும் உங்கள் வேலை தொடங்கும். வரிசையாக மண்டியிட்டு, கரணையைத் தன்பக்கம் இழுத்து, பின்னோக்கி நகர்ந்தபடி சுத்தம் செய்வது. சுத்தம் செய்த இடத்தில் காலை வைக்கக் கூடாது. முனையால் குத்தக் கூடாது, விளிம்பால் வழிக்க வேண்டும். மண் காய்ந்து எல்லாம் ஒரே பழுப்பாகிவிட்டால் தெளிப்பானால் லேசாக நீர் தெளியுங்கள். கோலம் போடுமுன் வாசலில் தெளிப்போமே, அந்த அளவு. ஐந்து நிமிடத்துக்கு நிறங்கள் திரும்ப வரும். அப்போது கோடுகளைக் கீறிவிடுங்கள்.

சரளையைப் படிப்பது

ரோமானியச் சாலைக்கு நான்கு அடுக்கு உண்டு என்றும், ஒவ்வொன்றுக்கும் ஒரு லத்தீன் பெயர் என்றும் பாடப்புத்தகங்களில் படம் பார்த்திருப்பீர்கள். அதை மறந்துவிட்டு வாருங்கள். அந்தப் பெயர்கள் விட்ருவியஸ் என்ற ரோமானியக் கட்டடக் கலைஞர் கட்டடத் தரை போடுவதற்குச் சொன்ன செய்முறையிலிருந்து வந்தவை. 17ஆம் நூற்றாண்டில் நிக்கொலா பெர்ஜியே என்ற பிரெஞ்சுக்காரர் அதைச் சாலைக்குப் பொருத்தினார், பிறகு எல்லாரும் பிரதி எடுத்தார்கள். களத்தில் அப்படி இருக்காது. அந்த வட்டாரத்தில் என்ன கிடைத்ததோ அதைப் போட்டார்கள். சுண்ணாம்புக்கல் நிலத்தில் சுண்ணாம்புக்கல், ஆற்றோரத்தில் கூழாங்கல். இரும்பு உருக்கிய சசெக்ஸ் காட்டுப் பகுதியில் லண்டனிலிருந்து லூயிஸ் போகும் சாலைக்கு இரும்புக் கசடையே கொட்டினார்கள். அது துருப்பிடித்து ஒன்றோடொன்று ஒட்டி, சிமெண்டுபோல் இறுகிவிட்டது.

இயற்கையான சரளையா, மனிதர் போட்டதா என்று எப்படித் தெரியும்? கரணையால் தட்டிப் பாருங்கள். போட்டு இடித்த சரளை கணீரென்று சத்தம் கொடுக்கும். மேல்பக்கக் கற்கள் தேய்ந்து மழமழப்பாக இருக்கும், அடிப்பக்கம் கூராகவே இருக்கும். நடுவில் முதுகும் ஓரங்களில் சரிவும் தெரியும். விளிம்பில் பெரிய கற்களை வரிசையாக நிறுத்தியிருக்கலாம். குழியின் பக்கச்சுவரில் தெரியும் வெட்டுமுகத்தைப் பார்த்தால் ஒரு சரளை, அதன் மேல் மெல்லிய வண்டல், அதன் மேல் மறுபடி சரளை என்று திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு சரளையும் ஒரு பழுதுபார்ப்பு. நடுவில் இருக்கும் வண்டல், யாரும் கவனிக்காமல் விட்ட ஆண்டுகள்.

அந்த வண்டலை மதியுங்கள். என் முதல் பருவத்தில் வண்டித்தடத்தில் படிந்திருந்த நரைத்த மண்ணை வெறும் அழுக்கென்று வழித்து வாளியில் போட்டுவிட்டேன். அதற்குள் இருந்த செருப்பு ஆணிகள் மண்மேட்டைச் சலித்தபோதுதான் கிடைத்தன. எந்தத் தடத்தில், எந்த ஆழத்தில் இருந்தன என்பது போய்விட்டது. அந்தச் சாலையின் மேல் நடந்தவர்கள் விட்டுப்போன ஒரே தடயம் அது. இன்றும் அது என்னை உறுத்துகிறது.

விண்டோலாண்டாவில் 1973 முதல் கிடைத்துவரும் மரப்பலகைக் கடிதங்களில், கி.பி. 100ஐ ஒட்டி ஆக்டேவியஸ் என்பவர் காண்டிடஸுக்கு எழுதிய ஒன்று இருக்கிறது. தானியம் வாங்கிவிட்டேன், உடனே பணம் அனுப்பு, இல்லாவிட்டால் கொடுத்த முன்பணம் போய்விடும் என்று தவிக்கிறார். கேட்டரிக்கில் இருக்கும் தோல்களை ஏன் இன்னும் போய் எடுக்கவில்லை என்பதற்கும் காரணம் சொல்கிறார்: சாலைகள் மோசமாக இருக்கின்றன, இழுவை விலங்குகளை வதைக்க மனமில்லை. நீங்கள் சரளைக்கு நடுவே அரை அங்குல வண்டலைப் பார்க்கும்போது ஆக்டேவியஸை நினைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளத்தில் இறங்குவது

சரளையில் பொருள்கள் அதிகம் கிடைக்காது. போக்குவரத்து உள்ள இடத்தில் எதுவும் தங்குவதில்லை, நசுங்கும் அல்லது ஓரத்துக்குப் போகும். ஓரத்துக்குப் போனதெல்லாம் பள்ளத்தில் விழும். அங்கே அது தான் விழுந்த வரிசையிலேயே அடுக்காகிக் கிடக்கும்.

பள்ளத்தை நீளவாக்கில் முழுதும் காலி செய்யாதீர்கள். ஒரு மீட்டர் அகலத்துக்கு ஒரு துண்டை மட்டும் எடுங்கள். எதிரே நிற்கும் மண்சுவர் செங்குத்தாக, கரணையால் வழித்துச் சுத்தமாக இருக்க வேண்டும், அதுதான் நீங்கள் படிக்கப்போகும் ஏடு. அடியில் நன்றாக நுணுங்கிய வண்டல் இருக்கும். பள்ளம் வெட்டிய சில ஆண்டுகளுக்குள் மழை கழுவிக் கொண்டுவந்தது அது. அதில் கிடைக்கும் ஒரு சின்னப் பானை ஓடுகூடப் பொன்னுக்குச் சமம், ஏனென்றால் சாலை போட்ட காலத்துக்கு மிக அருகில் இருப்பது அதுதான். அதற்கு மேல் வருவது குப்பையும் சரிந்த கரையும். பிறகு ஒருநாள் யாரோ தூர்வாரியிருப்பார்கள். பழைய பள்ளத்துக்குள் புதிய பள்ளம் ஒன்று சற்றுத் தள்ளி இறங்கியிருக்கும். நிறம் மிக லேசாக மாறும், கரணைக்கு இளகல் தெரியும். புதியவர்கள் தவறவிடுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வெட்டைத்தான். சந்தேகம் வந்தால் நிறுத்திவிட்டுப் பொறுப்பாளரைக் கூப்பிடுங்கள். பள்ளம் இடுப்பளவைத் தாண்டினால் அவர் சொல்லாமல் உள்ளே இறங்காதீர்கள்.

காசு கிடைத்தால் எல்லாரும் ஓடி வருவார்கள். காசு சொல்வது ஒன்றே ஒன்று: அது அச்சான ஆண்டுக்கு முன்னால் அந்த மண் அங்கே விழுந்திருக்க முடியாது. அதற்குப் பிறகு எத்தனை ஆண்டு கழித்தும் விழுந்திருக்கலாம். சாமியன் என்னும் பளபளக்கும் சிவப்புப் பானை ஓடு பல சமயம் காசைவிட உதவும். முதல் நூற்றாண்டில் அது இன்றைய பிரான்ஸின் தெற்கே உள்ள லா கிராஃபெசாங்கிலிருந்து வந்தது, இரண்டாம் நூற்றாண்டில் பெரும்பாலும் லெசூவிலிருந்து. அதற்கு மூத்த வகையான இத்தாலியின் அரெஸ்ஸோ ஓடுகளை வைத்துத்தான் வீலர் அரிக்கமேட்டுக்குக் காலம் கணித்தார்.

ஈரமாகவும் கறுப்பாகவும் நாற்றமடிக்கும் மண் வந்தால் மகிழுங்கள். காற்றுப் புகாத அந்த மண்ணில்தான் தோல், மரம், விதை எல்லாம் தப்பிக்கும். விண்டோலாண்டாவின் ஆயிரக்கணக்கான செருப்புகளும் அந்தக் கடிதங்களும் அப்படித் தப்பியவைதான். முக்கியமான அடுக்கிலிருந்து 40 லிட்டர் மண்ணை வாளிகளில் தனியே எடுத்து வைப்பார்கள். நீரில் அலசினால் கருகிய கோதுமையும் களைவிதைகளும் மிதந்து வரும்.

சாலையிலிருந்து வீட்டுக்கு

சாலையோரக் குடியிருப்பில் வீடுகள் ஒல்லியாகவும் நீளமாகவும் இருக்கும். குறுகிய பக்கம் சாலையைப் பார்க்கும், அங்கே கடை. பின்னால் வசிக்கும் இடம், அதற்கும் பின்னால் முற்றம், கிணறு, அடுப்பு, குப்பைக்குழி. சாலைமுகம் விலை மதிப்புள்ளது என்பதால் ஆளுக்குக் கொஞ்சம். நம் பழைய கடைத்தெரு வீடுகளை நினைத்தால் போதும், தரைப்படம் உடனே புரிந்துவிடும்.

மரவீடுகள் என்பதால் சுவர் இருக்காது. தூண் நட்ட குழிகளும் உத்தரம் பதித்த நீளக் காடிகளும் நிற மாற்றமாகத் தெரியும். ஒவ்வொரு தூண்குழியையும் பாதி மட்டும் தோண்டி, மறுபாதியின் வெட்டுமுகத்தை வரைந்து படமெடுத்த பிறகுதான் மீதியை எடுக்க வேண்டும்.

நீங்கள் அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் வீட்டின் முன்பக்கம். வீட்டுக் களிமண் தரை, தூர்ந்த ஓரப்பள்ளத்தின் மேல் ஏறிக்கிடக்கிறதா? அப்படியானால் சாலை பழையது, பள்ளம் மூடிய பிறகு வீடு முன்னால் நகர்ந்து வந்திருக்கிறது. பள்ளம் வீட்டுத் தரையை வெட்டிக்கொண்டு போகிறதா? அப்படியானால் வீடு இருந்த இடத்தில் சாலை வந்திருக்கிறது. பள்ளத்தின் மேல் பலகைப் பாலம் போட்ட தூண்குழிகள் இருக்கின்றனவா? இரண்டும் ஒரே காலத்தில் இருந்தவை. ஒரு கட்டிலளவு இடம்தான். அதை அவசரமாகத் தோண்டினால் சாலையையும் ஊரையும் சேர்த்துப் பேசவே முடியாது.

எழுதி வைப்பது

தோண்டுவது அழிப்பது. ஆகவே தோண்டும் நேரத்துக்கு ஈடாக எழுதும் நேரம் வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்கும், அதை நிரப்பிய ஒவ்வொரு மண்ணுக்கும் தனித்தனி எண். வெட்டுக்குச் சதுர அடைப்பு, நிரப்பிய மண்ணுக்கு வட்ட அடைப்பு என்பது பல இடங்களில் வழக்கம். நிறம், இறுக்கம், கல்லின் அளவு, மேலே என்ன, கீழே என்ன என்று படிவத்தில் எழுத வேண்டும். தரைப்படம் 1:20, வெட்டுமுகம் 1:10. புகைப்படத்தில் அளவுகோலும் வடக்குக் குறியும் எண் பலகையும் இருக்க வேண்டும், உங்கள் நிழல் இருக்கக் கூடாது.

இந்த எண்களை முன்பின் வரிசையில் கட்டம் கட்டி இணைப்பதற்கு ஹாரிஸ் அட்டவணை என்று பெயர். எட்வர்ட் ஹாரிஸ் 1973இல் உருவாக்கியது. வம்சாவளி வரைவதுபோலத்தான். அன்றன்றைக்கே போடுங்கள். வாரக் கடைசிக்குத் தள்ளினால் நினைவு உதவாது.

கிடைத்த பொருளை எண் எழுதிய பையில் உடனே போடுங்கள். எண் இல்லாத ஓடு வெறும் ஓடுதான். பானை ஓட்டைப் பழைய பல்துலக்கியால் கழுவலாம், உள்பக்கம் கருகிய உணவு ஒட்டியிருந்தால் கழுவாதீர்கள். இரும்பையும் காசையும் நீரில் போடவே கூடாது. ஈரமாக வந்த தோலையும் மரத்தையும் காயவும் விடக் கூடாது.

சட்டம்

பட்டியலிட்ட நினைவுச்சின்ன நிலத்தில் அனுமதியின்றித் தோண்டுவது 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அங்கே உலோகம் தேடும் கருவியோடு போவதற்கும் தனி அனுமதி வேண்டும். மற்ற நிலமானாலும் உரிமையாளரின் சம்மதம் இல்லாமல் கால் வைக்காதீர்கள். 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பழைய பொன், வெள்ளிப் பொருள்களையும், ஒரே இடத்தில் பத்து அல்லது அதற்கு மேல் கிடைத்த பழைய செப்புக் காசுகளையும் 14 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். மனித எலும்பு தெரிந்தால் கையை எடுத்துவிட்டுப் பொறுப்பாளரைக் கூப்பிடுங்கள். நீதி அமைச்சகத்தின் உரிமம் இல்லாமல் அதை எடுக்க முடியாது. ரோமானியர் இறந்தவர்களை ஊருக்கு வெளியே சாலையோரத்தில்தான் அடக்கம் செய்தார்கள், ஆகவே இது நடக்கக்கூடியதே.

மூடுவது

பருவம் முடிந்ததும் பல இடங்களில் குழியை மூடிவிடுவார்கள். சரளையின் மேல் நீர் ஊடுருவும் துணியை விரித்து, எடுத்த மண்ணையே திருப்பிக் கொட்டுவார்கள். அதற்கு முன், பள்ளத்தின் அடியில் அந்த ஆண்டு அச்சான ஒரு காசைப் போட்டுவிடும் பழக்கம் சிலரிடம் உண்டு. நானும் போடுவேன். மறுபடி யாராவது அதைத் திறந்தால், இந்த மண் எந்த ஆண்டுக்குப் பிறகு விழுந்தது என்று அவருக்குத் தெரிந்துவிடும்.